ரோடு செய்யாத வேலையை வண்டி செய்கிறது

கம்பஸில் யாராவது "வீட்டுல என்ன வண்டி?" என்று கேட்டால் "லேண்ட் ரோவர்" என்பேன். கேட்டவரின் முகம் மாறும். லயத்துப் பிள்ளை, மஹாபொல காசில் படிக்கிறவள், இவள் வீட்டில் லேண்ட் ரோவரா? அவர்கள் நினைப்பது கொழும்பில் பெரிய கேட்டுக்குள் நிற்கிற வண்டியை. எங்களுடையது 1967இல் பதிவான சீரிஸ் டூ ஏ. என் அப்பாவை விட மூன்று வயது மூத்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏசி கிடையாது. மழை பெய்தால் டிரைவரின் வலது முழங்காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். எந்த ஓட்டை என்று பதினைந்து வருடமாகத் தேடுகிறோம்.

எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 8 கிலோமீற்றர். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் 17. பஸ் தேயிலை ஸ்டோர் வரைக்கும்தான் வரும். ஆட்டோக்காரர்கள் நல்ல வெயிலில் மேலே வருவார்கள், மழைக்காலத்தில் போனை எடுக்க மாட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒரு தடவை வந்து போனால் அந்த நாளின் சம்பாத்தியம் முழுவதும் கராஜுக்குப் போய்விடும். ஆக, எங்கள் டிவிஷனில் இருட்டிய பிறகு ஏறி இறங்கக்கூடியது இந்த ஒரு வண்டிதான்.

பழைய ஜீப் வைத்திருப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகை எழுதுகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, அழகான வண்டிதான். ஆனால் நான் இங்கே கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன். ஒரு பழைய வண்டியை ஓடவைக்க ஒரு தோட்டக் குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது, அந்தச் செலவு உண்மையில் யாருடையது என்கிற கணக்கு.

முதலில் வண்டியின் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். பதிவுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து, அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். அதில் உரிமையாளர்களின் பட்டியல் இருக்கிறது. முதல் பெயர் ஒரு ஸ்டெர்லிங் கொம்பனி. அடுத்தது ஜனவசம. அதற்கடுத்து நுவரெலியாவில் ஒரு மரக்கறி முதலாளி. பிறகு ஒரு கொந்தராத்துக்காரர். கடைசியாக, 2010இல், என் அப்பா.

வரலாறு படிக்கிறவளுக்கு இந்த ஐந்து வரி போதும். 1975இல் வெளிநாட்டுக் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானது இரண்டாவது வரியில் இருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி தனியார் கொம்பனிகளுக்குப் போனதற்குப் பிறகு பழைய சாமான்கள் ஏலத்தில் போனது மூன்றாவது வரியில். தோட்டம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியபோதெல்லாம் இந்த வண்டியும் மாறியிருக்கிறது. அதே மலையில் அத்தனை வருடமும் இருந்தது நாங்கள். எங்கள் பெயர் ஐந்தாவது வரியில்தான் வருகிறது.

லேண்ட் ரோவர் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது 1948 ஏப்ரல் 30, அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். யுத்தம் முடிந்த பிரிட்டனில் உருக்குக்குத் தட்டுப்பாடு, அலுமினியம் தாராளம். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். விவசாயிகளுக்கென்று செய்த வண்டி, தோட்டத் துரைமார்களுக்கும் அப்படியே பொருந்திப்போனது. அதே 1948இன் கடைசியில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். வண்டியும் சட்டமும் ஒரே வயது.

எங்கள் வண்டியை 1967இல் அரசாங்கம் பதிந்து, இலக்கம் கொடுத்து, இந்த நாட்டு வண்டி என்று ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் தாத்தாவுக்கு 22 வயது. அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தலைகளை எண்ணிப் பிரித்திருந்தார்கள். தாத்தா அந்த மூன்று இலட்சத்துக்குள் வர விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். பத்திரம் கைக்குக் கிடைத்தபோது அப்பா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்.

நம்பர் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. 1957இல் அந்த எழுத்து வண்டிகளுக்கு வந்தது, 1958இல் அதற்கு எதிராகப் போராட்டம் நடந்தது. வடக்கு கிழக்கில் நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மலையகத்திலும் நடந்தது. பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தாத்தாவுக்கு அப்போது 13 வயது. அப்பா வண்டியை முதல் நாள் கொண்டுவந்து லயத்துக்கு முன்னால் நிறுத்தியபோது எல்லோரும் டயரை, பொனட்டைத் தொட்டுப் பார்க்க, தாத்தா நேரே போய்த் தகட்டைப் பார்த்தாராம். "இந்த எழுத்து மேல தார் பூசினாங்கப்பா அந்தக் காலத்துல. நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அப்பாவிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "ஒன்னுமில்ல, சந்தோசந்தான்" என்பார்.

தாத்தா காலத்தில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் கொழுந்து மலையில் பேச்சு நிற்கும். துரை வருகிறார் என்று அர்த்தம். கங்காணி குரலை உயர்த்துவார். வண்டி நிற்கும் இடத்தில் யாருக்கோ ஒரு நாள் பேர் வெட்டு விழும். நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து அதே பாதையில் மறுபடி நடந்தார்கள். வந்து சேர்ந்த பிறகும் மலை ஏறுவது, பெரட்டுக்குப் போவது, கொழுந்துச் சாக்கைச் சுமந்து இறங்குவது எல்லாம் கால்தான். தோட்டத்தில் எஞ்சினுக்குச் சொந்தக்காரர் ஒருவர், கால்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். வண்டி யாருடையதோ அவருக்கு வருவதுதான் அவசரம். மற்றவர்களுக்கு வருவது விதி. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிப்போனது, கொழுந்து லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனது, இதெல்லாம் எந்தத் தோட்டத்து மூத்தவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்பா கட்டாரில் ஆறு வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்து ஏன் ஒரு வேனோ ஆட்டோவோ வாங்காமல் இதை வாங்கினார் என்பதற்கு ஒரு காரணம் ரோடு. இன்னொரு காரணத்தை அவர் சொன்னதில்லை, நானாக ஊகித்துக்கொண்டேன்.

இனி, வண்டியை எப்படிப் பராமரிக்கிறோம் என்பது.

லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கீழே இருக்கிற சேசிஸ் உருக்கு. பெட்டி மாதிரி உள்ளே கூடாக இருக்கும். ரோட்டுச் சேறு அதற்குள் போய் அடைந்துகொண்டால் வெளியிலிருந்து தெரியாமல் உள்ளிருந்து தின்னும். மேலே பளபளவென்று இருக்கிற வண்டி ஒரு நாள் நடுவில் முறியும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஜூன் மழைக்கு முன்னால் அப்பா வண்டிக்குக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேசிஸை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். துரு தின்ற இடம் 'சொத்' என்று பேசும். டோர்ச் பிடிப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. கேட்டுக் கேட்டு இப்போது எனக்கும் அந்தக் காது வந்துவிட்டது. சொத் என்ற இடத்துக்குச் சோக்கட்டியால் வட்டம் போடுவேன். பிறகு வெல்டிங் பாஸ் வந்து வெட்டி, தகடு வைத்து ஒட்டுவார். மிச்ச இடத்துக்கு எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலைப் பிரஷ்ஷால் பூசுவோம். நாற்றம் ஒரு கிழமைக்குப் போகாது.

எஞ்சின் லேண்ட் ரோவருடையது அல்ல. மரக்கறி முதலாளி காலத்திலேயே பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு மிட்சுபிஷி ஜீப்பின் ஃபோர் டி.ஆர். ஃபைவ் டீசல் எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். இலங்கையில் இப்படி எஞ்சின் மாற்றிய லேண்ட் ரோவர்கள் ஏராளம். மிட்சுபிஷிக்குச் சாமான் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும். கியர் பொக்ஸ் மட்டும் பழையதுதான். அதில் மூன்றாம் நான்காம் கியருக்குத்தான் சிங்க்ரோ. முதலாம் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். காலும் காதும் சேராவிட்டால் கறுக் கறுக் என்று பல் கடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் பல்லைக் கடிப்பார்.

இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழ் போட்ட லீவரைப் பின்னால் இழுத்தால் லோ கியர். எங்கள் ரோட்டில் மேலே ஏறுவதை விட இறங்குவது கஷ்டம். இரண்டு பாலத்தடியில் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடும். அதில் இறங்கி ஏறினால் பிரேக் டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் போய்விடும், பிரேக் பிடிக்காது. அதனால் சிவப்புக் குமிழை இழுத்து, முதலாம் கியரில் விட்டு, பிரேக்கைத் தொடாமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். 8 கிலோமீற்றருக்கு 45 நிமிடம். அவசரத்துக்குப் போகிறவர்களுக்கு இது விளங்காது. "கொஞ்சம் வெரசா ஓட்டுங்க" என்று பின்னாலிருந்து கெஞ்சுவார்கள்.

வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. எப்போதும் மூக்கு இறக்கத்தைப் பார்த்து. டிசம்பர், ஜனவரிக் குளிரில் விடியற்காலை நேரம் ஹீட்டர் பிளக் சூடாகி, பெட்டரி கை கொடுத்தால் ஸ்டார்ட் ஆகும். கை விட்டால் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட வேண்டும். தோட்டத்தில் பெட்டரிக்குச் செலவு செய்வதை விட மேட்டுக்குச் செலவு இல்லை. மேடு நிறைய இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாகக் காசு தின்பது லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங் தகடுகள், அவற்றைப் பிடிக்கும் யூ போல்ட்டுகள், முனைகளில் இருக்கிற ரப்பர் புஷ்கள். நல்ல ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இவையெல்லாம் வருடக்கணக்கில் வரும். எங்கள் ரோட்டில் புஷ் ஆறு மாதம். முதன்மைத் தகடு இரண்டு வருடம் நின்றால் அதிர்ஷ்டம். புதுசு வாங்கக் காசில்லாதபோது பழைய தகட்டைச் சூடாக்கி வளைத்துத் தரும் பட்டறை டவுனில் இருக்கிறது. முடியாதபோது கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு அப்பா விடியற்காலை ரயிலில் போய், பாவித்த தகடுகளைச் சாக்கில் கட்டி, அடுத்த ரயிலில் கொண்டுவருவார்.

ஒவ்வொரு தடவையும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அப்பா ஒரே வசனத்தைச் சொல்வார்: "ரோடு போட வேண்டியவன் போடல, அந்தக் காச நாம ஸ்பிரிங்ல போடுறோம்." சின்ன வயதில் இது புலம்பல் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது ஒரு பொருளாதாரக் கூற்று. ரோட்டின் குழி எங்கேயும் போய்விடுவதில்லை. ஒருவர் அதை மூடாவிட்டால் இன்னொருவரின் வண்டியில், முதுகில், கர்ப்பத்தில் வந்து இறங்குகிறது.

இந்த ரோடு யாருடையது? இதைத் தேடிப் படித்தபோதுதான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைப் பற்றித் தெரிந்தது. அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புப் பகுதிகளுக்குத் தங்கள் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. நாங்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களிக்கலாம், உறுப்பினர்களைத் தெரிவு செய்யலாம், ஆனால் அவர்கள் எங்கள் லயத்து ரோட்டில் ஒரு கூடை கல் கொட்ட முடியாது. இந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். 31 வருடம். அதுவரைக்கும் ரோடு தோட்ட நிர்வாகத்தின் விருப்பம். கொழுந்து லொறி போகிற அளவுக்கு ஸ்டோர் வரைக்கும் செப்பனிட்டால் நிர்வாகத்துக்குப் போதும். ஸ்டோருக்கு மேலே ஆட்கள் மட்டும்தானே இருக்கிறார்கள். இப்போது சட்டத்தில் தடை இல்லை. எங்கள் ரோட்டில் இன்னும் கல்லும் இல்லை.

2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை பிறகு நாடு முழுவதும் வந்தது. நல்ல விடயம். போனில் பேசுகிற பிள்ளைகள் பொறுமையாகப் பேசுகிறார்கள், தமிழிலும் பேசுகிறார்கள். ஆனால் அந்த வேனுக்கு ஏறக்கூடிய ரோடு வேண்டுமே. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உருவாகிவிட்டது. 1990க்கு அடிக்கும்போதே சந்திக்கு வரச் சொல்வோம். நாங்கள் 45 நிமிடத்தில் நோயாளியை ஜீப்பில் இறக்கிக் கொடுப்போம். ஆம்புலன்ஸ் அங்கிருந்து 17 கிலோமீற்றரை அரை மணித்தியாலத்தில் ஓடிவிடும். 1967ஆம் ஆண்டு வண்டி முதல் பாதி, இந்த நூற்றாண்டு வண்டி மறு பாதி.

யார் யாரெல்லாம் அந்த முதல் பாதியில் போகிறார்கள்? பகலில் பெரும்பாலும் குளவிக் கொட்டு. மலையில் கூடு கலைந்தால் ஒரே நேரத்தில் ஐந்து ஆறு பேர். இரவில் நெஞ்சுவலி, பிரசவம், காய்ச்சல் பிள்ளைகள். ஒரு தடவை மருந்து குடித்த ஒரு தம்பி. அம்மா இரண்டு வருடமாகக் கொப்பி எழுதுகிறார். போன வருடம் மட்டும் இருட்டிய பிறகு 19 பயணங்கள். அதில் ஆறு பிரசவம்.

அந்த ஆறில் ஒன்று நான் ஓட்டியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன், அப்பாவுக்குக் காய்ச்சல். இரவு பதினொன்றரைக்கு மேல் லயத்து அக்காவுக்கு வலி வந்துவிட்டது. அவருடைய மாமியார் வாசலில் வந்து நின்று "அண்ணன் இல்லையா?" என்று கேட்டார். அப்பா கம்பளிக்குள்ளிருந்தே "மக ஓட்டுவா" என்றார். மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். பொம்பளப் பிள்ளை ஓட்டுவதா என்ற கேள்வி வந்தது, ஆனால் வேறு வழி இல்லை என்பது அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. நல்ல மழை. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது, என் பக்கத்து வைப்பர் என்பது அதிர்ஷ்டம். சிவப்புக் குமிழை இழுத்து முதலாம் கியரில் விட்டேன். அந்த அக்கா பின்னால் பஞ்சு மெத்தையில் படுத்தபடி ஒவ்வொரு குழிக்கும் "அம்மா" என்றார். எனக்கு அந்த ரோட்டின் குழிகளெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த இரவுதான் அவற்றை எண்ணினேன். சந்தியில் ஆம்புலன்ஸ் விளக்கு தெரிந்தபோது என் கை ஸ்டீயரிங்கிலிருந்து எடுபடவில்லை, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. இப்போது நடக்கிறது.

டீசல் கதையையும் சொல்லாமல் விட முடியாது. 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. ஜூன் மாதக் கடைசியில் 460. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த ஆயிரம் ரூபா. ஒரு நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் டீசல் வரும். எங்கள் வண்டி லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போய்வர 50 கிலோமீற்றர், அதாவது ஐந்தரை லீற்றர். ஒரு நோயாளியைக் கொண்டுபோய் விட்டு வர இரண்டரை நாள் சம்பளம். அதுவும் டீசல் கிடைத்தால். ஜூலையில் கியூ.ஆர். முறை வரும்வரைக்கும் அப்பா டவுனில் வரிசையில் வண்டியோடு படுத்துக் கிடந்தார். ஊரில் வண்டி இல்லாத அந்த நாட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

2023இல் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். பழைய லேண்ட் ரோவர்களைத் தேடி வாங்கிப் பழைய மாதிரியே திருத்துகிறவர். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோயிருந்ததால் நாட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறியிருந்தது. 2016 ஜனவரியில் இங்கிலாந்தில் பழைய டிஃபென்டர் உற்பத்தியையும் நிறுத்திவிட்டதால் இந்த வகை வண்டிகளுக்கு இனி எப்போதும் மவுசுதான் என்றார். ஸ்ரீ தகடு, பழைய பதிவுப் புத்தகம், அசல் கியர் பொக்ஸ். அவர் வண்டியைச் சுற்றி வந்த விதத்தில் ஒரு பக்தி இருந்தது. 22 இலட்சம் தருவதாகச் சொன்னார்.

22 இலட்சம் என்றால் அம்மாவின் 2,200 நாட்கள். மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் ஏழு வருடத்துக்கு மேல். அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் தூங்கவில்லை. அம்மா விற்கச் சொன்னார். அவர் பக்கத்து நியாயத்தை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் விற்காதே என்கிறவரின் நியாயம்தான் எப்போதும் எழுதப்படுகிறது. அம்மா சொன்னார்: "கூரைத் தகரம் மாத்தணும். சின்னவ ஏ.எல். படிக்கணும். இது பதிமூனு வருசமா நம்ம வீட்டுச் சோத்துல பாதியைத் திங்குது. ஆபத்துக்கு எல்லாரும் வர்றாங்க, ஸ்பிரிங் ஒடஞ்சா யாரு வர்றா? ரோடு இல்லாதது ஊருக்கே கஷ்டம்னா அதுக்கு நம்ம ஒரு வீடு மட்டும் எதுக்கு அழுவணும்?"

அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. "ராத்திரி ஒருத்தன் வந்து கதவத் தட்டினா என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேரும் சரி. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கதவைத் தட்டுகிறவருக்கு "வண்டியை வித்தாச்சு" என்று சொல்வது கொடுமை. ஒரு குடும்பத்தின் சோற்றிலிருந்து ஊரின் ஆம்புலன்ஸை ஓட்டுவதும் கொடுமைதான். முதலாவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது அம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

வழி கண்டுபிடித்ததும் அம்மாதான். மூன்று நாள் கழித்து, கொழுந்து நிறுத்த இடத்தில், தன் கூட்டுப் பெண்களிடம் பேசியிருக்கிறார். தோட்டத்தில் சீட்டுப் பிடிக்காத பெண் கிடையாது. பண்டச் சீட்டு, காசுச் சீட்டு, தீபாவளிச் சீட்டு. அம்மா ஒரு வண்டிச் சீட்டு தொடங்கினார். 22 வீடு, மாதம் 200 ரூபா. இந்தச் சீட்டில் யாருக்கும் காசு விழாது, வண்டிக்கு மட்டும் விழும். ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு டீசல் காசு சீட்டிலிருந்து. கல்யாணம், கோயில், கீரை மூட்டை என்றால் வாடகை, அந்த வாடகையில் கால்வாசி மறுபடி சீட்டுக்கு. கணக்குக் கொப்பி அம்மாவிடம், காசு வேறு ஒரு அக்காவிடம். கொழும்புக்காரருக்கு அப்பா போன் எடுத்து, "இப்ப விக்கிற யோசனை இல்லீங்க" என்றார். 'இப்ப' என்ற சொல்லை அம்மா பக்கத்தில் நின்று சேர்க்கச் சொன்னார்.

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் தேயிலை மாவட்டம்தான். பிரிட்டிஷ் காலத்துத் தோட்டத் துரைமார்களின் 1950களின் லேண்ட் ரோவர்களை அங்கே உள்ளூர் டிரைவர்கள் பல தலைமுறையாக ஓட்டுகிறார்கள். 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்ஃபு உச்சிக்குச் சுமார் 31 கிலோமீற்றர் கல்லுப் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதைப் பற்றி முதலில் வாசித்தபோது சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அதே வண்டி, அதே மாதிரித் துரை, அதே மாதிரிக் கை மாறல். அங்கே பாதை செப்பனிடப்பட, புதிய வண்டிகளும் ஏறத் தொடங்கின என்றும் வாசித்தேன். பழைய வண்டியை நேசிக்கிறவர்களுக்கு இது வருத்தமான செய்தியாக இருக்கலாம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏனென்றால் ஓர் ஊரில் அறுபது வருட லேண்ட் ரோவர் வேலைக்குப் போகிறது என்றால் அந்த ஊரின் ரோட்டைப் பற்றி வேறு விசாரிக்கத் தேவையில்லை. விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்து வரிசையாக ஜீப்புகள் மலைக்கு வருகின்றன. சேற்றில் இறக்கி ஏற்றி விளையாடிவிட்டுப் போகிறார்கள். எங்களைக் கண்டால் கையசைப்பார்கள், அப்பாவும் அசைப்பார். அவர்களுக்குக் கஷ்டமான ரோடு தேடி வரவேண்டிய ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் கார்பெட் ரோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்த வண்டியை நான் நேசிக்கிறேன், அதில் சந்தேகம் இல்லை. அதன் சேசிஸின் ஒவ்வொரு ஒட்டும் எனக்குத் தெரியும். ஆனால் அது தேவைப்படாத ஒரு நாளை அதைவிட அதிகமாக விரும்புகிறேன். கார்பெட் வேண்டாம், இரண்டு சக்கரத் தடத்துக்குக் கொங்கிரீட்டும், அந்த இரண்டு இடத்தில் பாலமும் போதும். ஆம்புலன்ஸ் லயத்து வாசலுக்கு வரும். அன்றைக்கு அந்தக் கொழும்புக்காரர் மறுபடி வந்தால் நான் அம்மா பக்கம்.

அதுவரைக்கும் கணக்கு இப்படி இருக்கிறது. போன வருடம் சீட்டில் சேர்ந்தது 52,800 ரூபா. வாடகைக் கால்வாசியில் வந்தது 9,000 சொச்சம். பின் ஸ்பிரிங் இரண்டு, புஷ், யூ போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 46,000. டீசல் போக மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. சபைக்கு ஒரு கடிதம் எழுதி, 22 வீட்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அம்மாவின் கொப்பியில் இருக்கும் 19 பயணங்களையும் திகதி போட்டு, பெயர் போடாமல், அதோடு இணைத்திருக்கிறேன். சட்டத்தின் திருத்தம் வந்த வருடத்தையும் முதல் பந்தியிலேயே எழுதியிருக்கிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும் என்று.

ஜூன் மழைக்கு முன்னால் முன்பக்க ஸ்பிரிங் மாற்ற வேண்டும். இடது பக்கத்தில் முதன்மைத் தகட்டில் மயிரிழை வெடிப்பு ஒன்றைப் போன கிழமை பார்த்தேன். சோக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.